ஏழு ஹெக்டேர் மைதானம்

அவள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியில் எல்லாமே மில்லிமீட்டர்தான். குளியலறை இரண்டாயிரத்து நானூறுக்கு ஆயிரத்து எண்ணூறு என்று வரைபடம் வந்தால், கணினி விழித்துக்கொள்வதற்குள் நாலு புள்ளி மூன்று இரண்டு சதுர மீட்டர் என்று அவள் சொல்லிவிடுவாள். உடைசலுக்கு எத்தனை கூடுதலாக வேண்டும், எத்தனை பெட்டி ஏற்ற வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும். வீட்டில் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். வைத்தது அம்மா. ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போன இடத்தில், "எங்க வீட்டு கால்குலேட்டர் ஆறு மணிக்குத்தான் வரும், கேட்டுட்டு நாளைக்கு வரேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அம்மா.

அப்பா நகர விளையாட்டு மைதானத்தில் புல் பராமரிப்பாளர். பதினேழு வருடமாக அந்த ஒரே மைதானம். ஆட வருகிறவர்கள் அவரை 'புல்லு சார்' என்பார்கள். காலையில் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை வெறுங்காலோடு நடந்து பார்ப்பார். எங்கே ஈரம் தங்குகிறது, எங்கே வேர் மேலே வந்துவிட்டது என்பதெல்லாம் பாதம் சொல்லிவிடும் என்பார். பாதம் சொல்லாத விஷயங்களுக்கு மகள் இருந்தாள்.

அந்த வருடம்தான் பள்ளிகளுக்கிடையேயான பெண்கள் கால்பந்தின் இறுதிப் போட்டி முதன்முதலாக அந்த மைதானத்துக்கு வந்தது. அதற்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, நடுவட்டத்தைச் சுற்றி அகல இலைக் களை படர்ந்திருந்தது. வழக்கமாக அவர் பாக்கெட் மருந்து வாங்குவார். ஆயிரம் சதுர மீட்டருக்கு ஒரு பாக்கெட். ஏழு பாக்கெட் கரைத்து அடித்தால் பத்து நாளில் களை போய்விடும், புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்த முறை கடையில் பாக்கெட் இல்லை. அதே வேலையைச் செய்யும் வேறொரு மருந்து, ஐந்து லிட்டர் கேனில் இருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளில், ஹெக்டேருக்கு எழுநூறு மில்லி என்று போட்டிருந்தது.

மைதானத்தின் அளவு அவருக்குப் பெயர் மாதிரி மனப்பாடம். நீளம் நூற்றைந்து மீட்டர், அகலம் அறுபத்தெட்டு. ஏழாயிரத்து நூற்று நாற்பது சதுர மீட்டர். ஹெக்டேர்தான் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மகளுக்குப் போன் செய்தார்.

அவள் முன்னால் ஒரு வாடிக்கையாளர் சமையலறை வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"கண்ணு, ஏழாயிரத்து நூத்தி நாப்பது சதுர மீட்டர்னா எத்தனை ஹெக்டேர்?"

ஹெக்டேர் அவள் மேஜைக்கு வராத அளவு. அங்கே வந்ததெல்லாம் குளியலறைகளும் மாடிப்படிகளும்தான். ஆனாலும் தெரியாது என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர், ஆயிரம் கிலோ ஒரு டன், அந்த வரிசையில் இதுவும் ஆயிரமாகத்தான் இருக்கும் என்று மனது தானாக மூன்று இலக்கம் நகர்ந்து புள்ளி வைத்தது.

"ஏழு புள்ளி ஒண்ணு நாலுப்பா."

"ஏழா?"

"ஆமா. வச்சிடவா? ஆள் நிக்கிறாங்க."

அப்பாவுக்குச் சந்தேகம் வராமல் போனதற்குக் காரணங்கள் இருந்தன. வருடா வருடம் ஏழு பாக்கெட் கரைத்த கை அது. ஏழு என்ற எண்ணே அந்த மைதானத்தின் எண் மாதிரி அவருக்குள் பதிந்திருந்தது. அதைவிட, ஏழு புள்ளி ஒன்று நாலை எழுநூறால் பெருக்கியபோது ஐந்து லிட்டருக்கு இரண்டே இரண்டு மில்லி குறைந்தது. மைதானத்துக்கென்றே அளந்து அடைத்த கேன் என்று நினைத்துக்கொண்டார். தெளிப்பான் பூட்டிய சின்ன டிராக்டரில் இரண்டு தொட்டித் தண்ணீரில் பாதிப் பாதியாகக் கலந்து, காற்று எழும்புவதற்குள் மைதானம் முழுக்க அடித்து முடித்தார். அரை லிட்டர் போதுமான இடத்தில் ஐந்து லிட்டர் இறங்கியது.

அன்று மாலை சாப்பிடும்போது கேன் சொட்டுக்கூட மிஞ்சாமல் காலியானதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பிறகென்ன, யார் போட்ட கணக்கு என்று அம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். ரொட்டித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி பொட்டலம் கட்டிவிட்டு வந்தவர் அவர். வீட்டில் யாராவது கெட்டிக்காரத்தனம் செய்தால் அதைத் தன் ஓய்வுநேரமாக எடுத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை காலை ஒரு பள்ளி வளாகத்தின் வரைபடம் கம்பெனிக்கு வந்தது. தாழ்வாரங்களுக்கு டைல்ஸ் கணக்கிட வேண்டும். ஓரத்துக் கட்டத்தில் மனையின் பரப்பு குறிக்கப்பட்டிருந்தது. 2.1 ஹெக்டேர், பக்கத்திலேயே 21,000 சதுர மீட்டர்.

அவள் அந்த வரியைக் கடந்து போய்விட்டு, திரும்பி வந்தாள். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்து மேஜையில் இருந்த மூத்த வரைவாளரிடம், ஒரு ஹெக்டேர் எத்தனை சதுர மீட்டர் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை. நூறுக்கு நூறு, பத்தாயிரம் என்றார்.

நூறுக்கு நூறு. அப்பாவின் மைதானம் நூற்றைந்துக்கு அறுபத்தெட்டு. ஒரு ஹெக்டேர்கூட வராத இடத்தை ஏழு ஹெக்டேர் என்று சொல்லியிருக்கிறாள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் போட்டுப் பார்த்தாள். தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து போனாலும் ஒரு பூஜ்யம் குறைந்தது.

மருந்து நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடிப் பிடித்தாள். ஒரு பெண் எடுத்தார். எப்போது அடித்தது, எவ்வளவு, எவ்வளவு பரப்பில் என்று வரிசையாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, செவ்வாய்க்கிழமையா என்று மறுபடி கேட்டார்.

"அன்னைக்கே தண்ணி விட்டிருந்தா கொஞ்சமாவது போயிருக்கும். இப்போ இலை வழியா உள்ளே இறங்கியிருக்கும் மேடம்."

"இனிமே என்ன செய்யணும்?"

"செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. பாத்துட்டு இருக்கணும், அவ்வளவுதான். உடனே விதை போட்டுடாதீங்க, மண்ணுல மருந்து இருக்குற வரைக்கும் முளைக்காது."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். போகும் வழியெல்லாம், அந்தப் பெண் வேலைக்குப் புதிதாக இருக்கலாம், வேறு யாராவது எடுத்திருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள். இறங்குவதற்குமுன் இன்னும் இரண்டு முறை அதே எண்ணுக்கு அழைத்தாள். இரண்டு முறையும் அதே பெண்தான் எடுத்தார். இரண்டாம் முறை அவள் பேசாமல் வைத்துவிட்டாள்.

மைதானம் பச்சையாக இருந்தது. அதுதான் அவளை மிகவும் கலங்கடித்தது. பார்வையாளர் வரிசை, கொடிக் கம்பங்கள், எதிர்ப்பக்கச் சுவர், அதற்கப்பால் சாலை, எல்லாம் இருந்தபடியே இருக்க, நடுவில் அந்தப் பச்சை ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. அப்பா நடுவட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார். வாடிச் சுருண்ட ஒரு களைச்செடியைப் பிடுங்கி, இரண்டே நாளில் என்ன வேலை செய்திருக்கிறது பார் என்று காட்டினார்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்திருந்தால் சொல்லி முடித்திருக்க மாட்டாள்.

அப்பா எழுந்து நின்றார். ஒரு ஹெக்டேர் என்றால் என்ன என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நூறுக்கு நூறு என்றாள். அவர் கோல் கோட்டின் மூலைக்கு நடந்து போய், அங்கிருந்து நீளவாக்கில் பார்த்தார்.

"நூறு மீட்டர்னா அந்தப் பக்க கோட்டுக்கு அஞ்சு மீட்டர் முன்னாடியே முடிஞ்சுடும்."

பிறகு அகலவாக்கில் திரும்பினார். கையை நீட்டி எதிர்ப்பக்க எல்லைக்கோட்டையும், அதைத் தாண்டி ஓடுபாதையையும், அதையும் தாண்டிச் சுவரையும் காட்டிக்கொண்டே போனார்.

"இந்தப் பக்கம் நூறுன்னா சுவர் கிட்டப் போய் நிக்கும். அவ்வளவுதானா ஒரு ஹெக்டேர்?" என்றார். "நின்னு பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே. நான் பாக்கலையே."

"நான்தானேப்பா சொன்னேன்."

அப்பா சாமான் அறைக்குப் போய் ரப்பர் குழாயை இழுத்து வந்து தண்ணீரைத் திறந்தார். அதனால் பயனில்லை என்று சொல்லிவிட்டார்களே என்றாள். தெரிகிறது, சும்மா நிற்க முடியவில்லை என்றார். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு குழாயை எடுத்துக்கொண்டாள். இருட்டும்வரை இரண்டு பேரும் மாறி மாறி நனைத்தார்கள். மைதானம் இன்னும் பச்சையாக ஆனது மாதிரிகூட இருந்தது.

திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒருவேளை தாங்கிவிடும். பதினேழு வருட வேர், சும்மா போய்விடாது.

வெள்ளிக்கிழமை, மைதானத்தை நடத்தும் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் வந்து, களையெல்லாம் எங்கே போயிற்று என்று அப்பாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை புல்லின் பச்சையில் ஒரு நீலம் கலந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நுனிகள் வெளுத்தன. தெளிப்பான் ஒரு நடைக்கும் மறு நடைக்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்று பட்ட இடங்களில் மஞ்சள் பட்டைகள் எழுந்தன. யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல அவை நேராக இருந்தன. அப்பா வண்டி ஓட்டும் நேர்த்தி அதில் தெரிந்தது. புதன்கிழமைக்குள் பட்டைகளுக்கு இடையில் இருந்ததும் மஞ்சளாகி, மைதானம் முழுதும் வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

அவள் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தாள். வராமலும் இருக்க முடியவில்லை, வந்து செய்யவும் ஒன்றுமில்லை. மற்ற தப்புகளுக்கெல்லாம் அழிப்பான் உண்டு. கம்பெனியில் கணக்கு பிசகினால் போன் போட்டு லாரியைத் திருப்பிவிடலாம், இரண்டு பெட்டி கூடுதலாக அனுப்பலாம். இங்கே அவள் சொன்ன எண் ஒவ்வொரு புல்லிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு நிதானமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்த வாரம் உள்ளூர்ப் பள்ளி அணி பயிற்சிக்கு வந்தது. பெண்கள் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கோல் காப்பாளர் பெண் மட்டும் குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்தாள். இழுக்காமலே அது கையோடு வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தாள். அப்பா அந்தப் பக்கம் போய்க் கொடிக் கம்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமையே அப்பா செயலாளரிடம் போய்ச் சொல்லியிருந்தார். என்ன சொன்னார் என்பது அவளுக்கு அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. அளவுக் குவளையில் கோட்டைத் தவறாகப் பார்த்துவிட்டேன், கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறார். போன் செய்ததைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அவர் கண்ணாடி போட்டு எந்தக் காலத்துல பாத்தே?" என்றார் அம்மா. "நூறு அடி தள்ளி இருக்குற களையைப் பார்த்துடுவார்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

அம்மா சொன்னதற்கு மறுநாள் அவள் அனுமதி வாங்கிக்கொண்டு செயலாளரின் அறைக்குப் போனாள். பேச வேண்டியதைப் பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். அறையில் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும், இறுதிப் போட்டியின் அச்சடித்த சுவரொட்டிக் கட்டும் இருந்தன. கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. செயலாளர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்மா," என்றார். "ஆனா நீங்க எங்க ஊழியர் இல்லையே. யார் சொன்ன கணக்கா இருந்தாலும் ஊத்தினது அவர். மருந்துப் பதிவுத் தாள்ல அவர் கையெழுத்துதான் இருக்கு."

"நான் எழுதிக் கொடுக்குறேன் சார். என்னாலதான்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அதை நான் எங்கே வைக்கிறது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மேஜையில் அப்படி ஒரு தாளுக்குக் கோப்பு இல்லை. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை வந்த செயலாளர், அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இறுதிப் போட்டி வேறு நகரத்துக்குப் போனது. உள்ளூர் அணி அங்கே போய் ஆடி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. சொந்த மண்ணில் ஆடியிருந்தால் ஜெயித்திருக்கும் என்று யாரோ சொன்னதாக அம்மா காதில் விழுந்தது. அதை அவர் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் விட்டு ஒரு மூலையில் விதை தூவிப் பார்த்தார்கள். ஒன்றும் தலைகாட்டவில்லை. மேல்மண் ஐந்து சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு, வளர்த்த புல்லைப் பாய் பாயாகக் கொண்டுவந்து விரிப்பதென்று முடிவாயிற்று. வேலை வெளியாளுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பாவைப் பார்வையாளர் இருக்கைகளுக்கு மாற்றினார்கள். துடைப்பது, உடைந்ததை எண்ணி எழுதுவது, சாமான் அறைச் சாவி. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வேலையிலிருந்து எடுக்காமல் விட்டதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பாவும் சொன்னார்.

மண் அள்ளிய நாளில் அவள் போயிருந்தாள். ஏழாயிரத்து நூற்று நாற்பது சதுர மீட்டர், ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முந்நூற்று ஐம்பத்தேழு கன மீட்டர் என்று அவள் கேட்காமலே மனது போட்டுக் கொடுத்தது. லாரிக்கு ஐந்து என்றால் எழுபத்திரண்டு நடை. சரியா என்று இன்னொரு தடவை போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். அப்பா மேல் வரிசையில், கையில் துணியோடு, ஒரே இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மேலே ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை லாரி என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவரோ அவளுக்கு முன்பைவிட அதிகமாகப் பரிமாறினார், மழை வந்தால் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்றார். அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், ரெண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளாதீர்கள், யாராவது ஒருத்தர் ஒரு தட்டையாவது உடைத்துத் தொலையுங்கள் என்றார். இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். தட்டுகளைக் கழுவி அடுக்கினார்கள்.

கம்பெனியில் அவள் வேகம் குறைந்துபோனது. ஒரு குளியலறைக்கு மூன்று தடவை பெருக்கினாள், பெருக்கியதை வகுத்துப் பார்த்தாள். இப்படியே போனால் ஒரு நாளைக்கு நாலு வரைபடம்கூட நகராது என்று மூத்த வரைவாளர் முணுமுணுத்தார். அவள் சரி என்றாள். அடுத்த வரைபடத்தையும் மூன்று தடவை போட்டாள்.

புதுப் புல் வந்து இரண்டு மாதம் கழித்து முதல் ஆட்டம் நடந்தது. மதிய வெயில். அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். புதுப் பராமரிப்பாளர் இளந்தாரி. அவருடைய இயந்திரமும் புதிது. புல் மொழுமொழுவென்று மேஜை விரிப்பு மாதிரி இருந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் படம் எடுத்தார்கள்.

அப்பா சாப்பாட்டைத் திறக்கவில்லை. முன் வரிசையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் குட்டையா வெட்டியிருக்கார். இந்த வெயிலுக்கு இருபது மில்லிமீட்டர் ஆகாது. வேர் இன்னும் கீழே பிடிக்கல," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"போய்ச் சொல்லுங்களேன்ப்பா."

"சொன்னேன். போன வாரமே."

"என்ன சொன்னார்?"

அப்பா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பெரியவரே, அளவு எனக்குத் தெரியும்னார்."

அவள் எழுந்தாள். கீழே இறங்கி அந்த ஆளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று இருந்தது. என்ன பேசுவது, எந்த வாயால் பேசுவது என்று தெரியாமல் படியிலேயே நின்றாள். கீழே ஒரு பெண் மூலையிலிருந்து பந்தை உதைக்க ஓடிவந்தாள். அவள் காலடியில் புல்பாயின் ஓரம் ஒரு சாண் அளவுக்குப் பெயர்ந்து எழுந்து, மறுபடி படிந்தது. ஆட்டம் தொடர்ந்தது. அப்பா அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பாத்திரத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.